புதுப்பிப்பு: பிள்ளைகளோடு ஒரு நாள், போய் வந்தாச்சு

நாகர்கோவிலில் இருந்து நாலு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளோடு குறைந்த செலவில் எங்கே போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

திங்கட்கிழமை கிளம்பியது என் தப்பு. பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்றைக்கு விடுமுறை! சரி என்று மாத்தூர் தொட்டிப் பாலம் போனோம். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம். மேலே கால்வாய்த் தண்ணீர், கீழே பறளியாறு. சின்னவன் கையை நான் விடவே இல்லை. பெரியவள் கீழே நின்று தூண்களை எண்ணி 28 என்றாள், சரியான கணக்குதான்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கும் பெரியவளுக்கும் காசு கிடையாது, சின்னவனுக்கும் வயதால் கிடையாது. அவர்கள் அப்பாவுக்கு மட்டும் டிக்கெட். வீட்டுப் புளிச்சோறு, வழியில் ஒரு சீப்பு மட்டிப்பழம்.

திற்பரப்பு அருவிக்குப் போகச் சொன்ன அக்கா, மன்னிக்கணும், அங்கே போக முடியவில்லை. ரெண்டும் மடியில் தூங்கிவிட்டன.