அத்தையின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லாம் 'ஆர்': பட்டான்செரு பக்கம் தண்ணீர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செல்வி_கும்பகோணம்

எல்லோருக்கும் வணக்கம். என் கணவரின் வேலைக்காக ஹைதராபாத் வந்து நான்கு வருடம் ஆகிறது. மருந்துக் கம்பெனிகள் நிறைய உள்ள பட்டான்செருவை ஒட்டிய ஒரு காலனியில் வாடகைக்கு இருக்கிறோம். குடிக்க, சமைக்க கேன் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர்வெல்.

மூன்று வாரத்துக்கு முன்பு அத்தைக்கு (என் மாமியார், 68 வயது) நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தது. பக்கத்து கிளினிக்கில் சிப்ரோஃபிளாக்சசின் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். முழுதாகச் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் யூரின் கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) கொடுத்தோம். ஈ.கோலை கிருமி என்று வந்தது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. 'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது, 'எஸ்' என்றால் அடங்கும் என்றார்கள். அடியில் மூன்றே மூன்று மருந்துக்குத்தான் 'எஸ்'. இப்போது தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறோம்.

போகும் வழியில் ஆட்டோக்காரர் சொன்னார்: "இந்தப் பக்கம் தண்ணியிலேயே மருந்து இருக்கும்மா, அதான் மருந்து பிடிக்கிறதில்லை." அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. இது உண்மையா? போர்வெல் தண்ணீரால்தான் அத்தைக்கு இப்படி ஆனதா? கொதிக்க வைத்தால் போதுமா? வீட்டை மாற்ற வேண்டுமா? ஏழு வயதில் ஒரு பையனும் இருக்கிறான்.

---

ஆய்வகம்_தாம்பரம்

செல்வி மேடம், பதினாறு வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன். இந்த மாதிரி ரிப்போர்ட்டை தாம்பரத்திலும் தினமும் அடித்துக் கொடுக்கிறேன், அதனால் ஊரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. நீர்க்கடுப்பு உண்டாக்கும் ஈ.கோலை பெரும்பாலும் நம் குடலிலேயே குடியிருப்பதுதான். மருந்துக்கு அடங்காத எதிர்ப்புத்திறனை அது எங்கிருந்து வாங்கிக்கொண்டது என்பதை ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. முன்பு எப்போதோ சாப்பிட்ட மாத்திரை, ஆஸ்பத்திரி, சாப்பாடு, தண்ணீர் என்று எல்லா வழியும் உண்டு.

கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகும். தண்ணீரில் மருந்து கரைந்திருந்தால் அது போகாது. ஆர்.ஓ. பெரும்பகுதியைப் பிடித்துவிடும். பையன் குளிக்கும்போது தண்ணீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பச்சையாகச் சாப்பிடும் காய்கறியைக் கேன் தண்ணீரில் கழுவுங்கள்.

ஒரு விஷயம். அடுத்த முறை மாத்திரை தொடங்கும் முன்பே கல்ச்சர் கொடுத்துவிடுங்கள். இந்த வயதில் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

---

பழைய_ஷிப்ட்_கெமிஸ்ட்

செல்வி, நான் உங்கள் அப்பா வயதுக்காரன். விருதுநகர் பக்கம் சொந்த ஊர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு 1989-ல் ரயிலேறினேன். பட்டான்செரு வட்டாரத்தில் ஒரு பல்க் டிரக் கம்பெனியில் (மாத்திரைக்கு வேண்டிய மூல மருந்தை மொத்தமாகத் தயாரிக்கும் இடம்) 22 வருடம் ஷிப்ட் பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆட்டோக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

மருந்து ரியாக்டரில் உருவான பிறகு குளிரவைத்துப் படிகமாக்குவோம். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் படிகம் துணியில் தங்கும், திரவம் வெளியே வரும். அந்தத் திரவத்துக்கு மதர் லிக்கர் என்று பெயர். படிகமாக மறுத்த மருந்து அதில் கரைந்து நிற்கும். அப்புறம் துணியில் தங்கிய படிகத்தைக் கழுவிய தண்ணீர். அடுத்த பேட்ச் போடும் முன் ரியாக்டரைக் கழுவிய தண்ணீர். எல்லாம் ஒரு தொட்டிக்குப் போகும். அங்கிருந்து டேங்கரில் ஏற்றிப் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவோம். டேங்கரோடு போகும் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் பி.எச். (அமிலத்தன்மை), சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவு), டி.டி.எஸ். (கரைந்த உப்பு) என்று கட்டங்கள் இருக்கும். உள்ளே எந்த மருந்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. 22 வருடத்தில் ஒருவரும் அதை என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்றுவரை என் மனதில் கிடக்கிறது.

2007-ல் ஸ்வீடன் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் யோவாகிம் லார்ஷன் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. பட்டான்செருவில் சுமார் 90 மருந்துக் கம்பெனிகளின் கழிவைச் சுத்தம் செய்து வெளியே விடும் நிலையத்தின் தண்ணீரை எடுத்துச் சோதித்திருந்தார்கள். சுத்தம் செய்த பிறகு வரும் தண்ணீர், கவனியுங்கள். அதில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின். அத்தை சாப்பிட்டாரே, அதே மருந்து. எங்கள் கேன்டீனில் ஒரு பையன் அதை அச்செடுத்துக் கொண்டுவந்தான். நான் பேப்பரில் கணக்குப் போட்டேன். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு 16 லிட்டர். அதாவது ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு மாத்திரை. ஒரு நாளைக்கு மொத்தம் 45 கிலோ என்று அவர்கள் கணித்திருந்தார்கள். 90 லட்சம் பேர் இருந்த ஸ்வீடன் ஐந்து நாளில் சாப்பிடும் அளவு அது.

அந்தத் தண்ணீர் போன இடம் இசகவாகு. இசுக என்றால் தெலுங்கில் மணல், வாகு என்றால் ஓடை. மணலோடை என்று அழகான பெயர். அது நக்கவாகுவில் சேரும். நக்க என்றால் நரி. நரியோடை மஞ்சீராவில் சேரும், மஞ்சீரா கோதாவரியில். கோடையில் ஓடைக்குச் சொந்தத் தண்ணீர் இருக்காது, அப்போது ஓடியதெல்லாம் நாங்கள் விட்டதுதான். நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது பாலத்துக்குக் கீழே நுரை பொங்கிக்கொண்டிருக்கும். எருமை மேய்க்கும் பெரியவர் ஒருவர் மாடுகளைத் தண்ணீருக்கு விடாமல் கம்பை ஓங்கிக்கொண்டே நடப்பார்.

இதில் இன்னொரு சங்கதி. கெமிக்கல் கழிவு மட்டும் வந்தால் சுத்திகரிப்புத் தொட்டியிலுள்ள பாக்டீரியா பிழைக்காது. அதற்குத் தீனியாக வீட்டுச் சாக்கடை நீரையும் கலப்பார்கள். சாக்கடையில் மனிதக் குடலின் கிருமிகள் இருக்கும். ஒரே தொட்டியில் குடல் கிருமியும் சிப்ரோவும் நாள்கணக்கில் கூடிக் கிடந்தால் என்ன ஆகும்? தாங்காதது செத்துவிடும், தாங்குவது பெருகும். பெருகுவதோடு நிற்காது, தாங்கும் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். லேப் தம்பி இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

2009-ல் அதே ஆய்வாளர்கள் சுற்றுக் கிராமங்களின் ஏரியிலும் கிணற்றிலும் மருந்து இருப்பதைக் காட்டினார்கள். பட்டான்செருவில் மருத்துவம் பார்த்த டாக்டர் கிஷன் ராவ், அதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே கத்திக்கொண்டிருந்தார். 1990-லேயே இந்த மாசு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு குழாய் போட்டுக் கழிவை ஹைதராபாத் நகருக்குள் இருக்கும் அம்பர்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து மூசி ஆறு. நரியோடைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, மூசிக்குப் போனது.

வீட்டை மாற்றச் சொல்ல மாட்டேன். போர்வெல் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பையனைக் குடிக்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

---

கோவை_பார்மா

மன்னிக்கவும், இந்த மாதிரிப் பதிவுகள் நம் மருந்துத் தொழிலைக் கெடுக்கத்தான் உதவும். 2009-ல் வெளிநாட்டுக்காரர்கள் கிருமிக்கு எதிர்ப்புத்திறன் தரும் ஒரு மரபணுவுக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்தார்கள், 2010-ல் அதைப் பற்றி இன்னோர் ஆய்வு வெளியிட்டு நம் ஆஸ்பத்திரிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தார்கள். உலகம் முழுக்க ஏழைகள் சாப்பிடும் மலிவு மருந்து ஹைதராபாத்திலிருந்து போகிறது. சுத்திகரிப்பு என்று செலவை ஏற்றினால் மாத்திரை விலை யாருடைய தலையில் விழும்?

---

ஆய்வகம்_தாம்பரம்

சார், பெயர் வைத்த விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் 2010-ல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, நம் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர். ஆய்வு செய்த கிருமிகளில் 44 சென்னையில் எடுத்தவை. வெளிநாட்டுக்காரர் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

கெமிஸ்ட் ஐயா கேட்டதற்கு: கிருமிக்குள் பிளாஸ்மிட் என்று சிறு வளையமாக டி.என்.ஏ. இருக்கும். எதிர்ப்புத்திறன் மரபணு அதில் உட்கார்ந்திருந்தால், ஒட்டி உரசும் இன்னொரு கிருமிக்கு அதன் நகல் போய்விடும். இனம்கூட வேறாக இருக்கலாம். 2011-ல் டெல்லியில் தெருவில் தேங்கிய தண்ணீர் 171 மாதிரியும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரியும் எடுத்தார்கள். தேங்கிய நீரில் 51-லும் குழாயில் 2-லும் அந்த நியூ டெல்லி மரபணு. காலரா கிருமியில்கூட இருந்தது. நகல் அதிகமாகக் கைமாறியது 30 டிகிரி வெப்பத்தில். நம் ஊர்க் கால்வாய் வருடத்தில் பாதி நாள் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

ரிஷிகேஷ், ஹரித்வாரிலும் யாத்திரை மாதங்களான மே, ஜூனில் கங்கையில் இந்த மரபணு பல மடங்கு ஏறியதை நியூகாசில் பல்கலைக்கழகமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் 2014-ல் காட்டின. அங்கே காரணம் கூட்டமும் சாக்கடையும். அதனால் கம்பெனிகளை மட்டும் நான் சொல்லவில்லை. ஆனால் சாக்கடையில் மருந்தின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும். பட்டான்செருவில் கண்டது மில்லிகிராமில், ஆயிரம் மடங்கு.

---

பழைய_ஷிப்ட்_கெமிஸ்ட்

கோவைத் தம்பி, அந்தத் தொழிலில்தான் என் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன். அது கெட்டுப்போக வேண்டும் என்று நினைப்பேனா? விலை பற்றிய கேள்வி நியாயமானது. மதர் லிக்கரைத் தனியாகப் பிரித்து எவாப்பரேட்டரில் கொதிக்கவிட்டு, மிஞ்சும் கழிவைத் தனியாக அகற்ற அனுப்பினால் ஆற்றுக்கு ஒரு சொட்டுகூடப் போகாது. நீராவிக்குப் பணம் ஆகும்தான். இதை ஒரு கம்பெனி மட்டும் செய்தால் பக்கத்துக் கம்பெனி கிலோவுக்குக் குறைத்து விற்று அதை மூடவைத்துவிடும். எல்லோருக்கும் ஒரே வரம்பு வைத்தால் அந்தப் பயம் இல்லை.

வரம்பு வரப்போகிறது என்று 2020 ஜனவரியில் நம்பினேன். கழிவுநீரில் எந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு வெளியிட்டது. மருந்து மருந்தாக எண் போட்ட பட்டியல். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தது, அந்தப் பட்டியல் மட்டும் அதில் இல்லை. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் தயாரிக்கும் இடங்களின் கழிவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நம்மிடம் அதைக் கட்டாயமாக்கவில்லை.

செல்வி, உங்களால் ஒன்று செய்ய முடியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். பத்து ரூபாய்தான். உங்கள் பகுதி ஓடையின் கடைசி மூன்று சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதில் சிப்ரோஃபிளாக்சசின் அளந்திருக்கிறார்களா, இல்லையென்றால் எந்த ஆன்டிபயாட்டிக்கையாவது அளந்திருக்கிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி.

---

செல்வி_கும்பகோணம்

ஐயா, எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் இரவு முதல் அத்தைக்குக் காய்ச்சல் இல்லை. ஊசி இன்னும் மூன்று நாள் பாக்கி, முழுதாகப் போட்டுவிடுவோம். உங்கள் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். பக்கெட்டுக்கு ஒரு மாத்திரை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அந்த எருமை மேய்க்கிறவர் வீட்டில் குழந்தைகள் இருந்திருக்குமே" என்றார். அதற்கு மேல் எனக்குப் படிக்க வரவில்லை.

எதிர்வீட்டு லட்சுமியக்கா தெலுங்கில் நன்றாக எழுதுவார். நேற்று சாயங்காலம் உட்கார்ந்து மனுவை எழுதிவிட்டோம். அவருடைய அம்மா வீடு நக்கவாகு ஓரத்துக் கிராமமாம், அவரும் தனியாக ஒன்று போடுகிறார். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறோம். பதில் வந்ததும் அந்தத் தாளை இங்கேயே போடுகிறேன், எந்தெந்தக் கட்டம் இருக்கிறது என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.