இரும்பு மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். காலையில் என் மேசையின் இரும்புக் காலைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மேலே உள்ள மரப்பலகை அப்படி இல்லை. இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே அறையில்தானே இருந்தன? "இரும்புக்குக் குளிர்ச்சி அதிகம்" என்கிறார் அப்பா. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பதில் 1:
நம்பாதது சரிதான். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. விரல் ஒன்றும் வெப்பமானி இல்லை. தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் உணர்கிறது. அறை 25 டிகிரி, விரல் 32 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் நீங்கள் தொட்ட இடம் மட்டும் சூடாகும், வெப்பம் அங்கேயே தேங்கிவிடும். இரும்பு, வாங்கிய வெப்பத்தை உடனே உள்ளே கடத்திவிட்டு இன்னும் கேட்கும். அதன் வெப்பக் கடத்துதிறன் மரத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல்.

பதில் 2:
நான் ஆசிரியர். அலுமினியத் தட்டில் ஒரு பனிக்கட்டி, மரப்பலகையில் ஒன்று வைத்து, எது முதலில் உருகும் என்று கேட்பேன். தொட்டுப் பார்த்துவிட்டு பாதி வகுப்பு "மரம்" என்று சத்தியம் செய்யும். வீட்டில் செய்து பாருங்கள். தட்டும் பலகையும் ஒரு மணி நேரமாவது ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கேட்டவர்:
செய்தேன்! தட்டில் வைத்தது கண்ணெதிரே கரைந்தது. பலகையில் இருந்தது அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். சரி, அறையே 45 டிகிரி என்றால்?

பதில் 1:
அப்போது வெப்பம் உங்கள் விரலுக்குள் வரும். இரும்புதான் அதிகம் சுடும்.