தங்கையின் விவாகரத்து: வேலூர் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை இரண்டு வருடமாகக் காட்பாடியில் எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை சென்னையில். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துவிடலாம் என்று இப்போது இருவருமே ஒத்துக்கொண்டார்கள். சத்துவாச்சாரி கோர்ட்டில் மனு போடப் போகிறோம்.

முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் விலக்கிவிடலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் யாருக்காவது அப்படிக் கிடைத்ததா?

அப்புறம் நகை. சீர் நகை முழுக்க மாமியார் பீரோவில். பில் பாதிதான் இருக்கிறது, கல்யாண ஆல்பத்தில் மட்டும் ஆரமும் வளையலும் தெளிவாகத் தெரிகின்றன. மனுவிலேயே எழுதி வாங்குவதா, கையெழுத்துக்கு முன்பே கையில் வாங்கிவிடுவதா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பாப்பாவின் கேள்விதான். நான்கு வயது. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே “அப்பாவா?” என்று ஓடுகிறாள். தங்கை உள்ளே போய்விடுகிறாள், பதில் சொல்வது நான். இந்த வயதுக் குழந்தையிடம் என்ன சொன்னீர்கள்? குழந்தைகளோடு பேசத் தெரிந்த நல்ல மனநல ஆலோசகர் வேலூரில் இருந்தால் தெரியப்படுத்துங்கள். “அனுசரித்துப் போகச் சொல்லுங்கள்” என்ற அறிவுரை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.