புதுப்பிப்பு: ஸ்காலர்ஷிப் இல்லாத பேஸ்பால் அணிக்கு ஆள் சேர்த்தது

ஒஹாயோவில் உள்ள எங்கள் சின்னத் தனியார் கல்லூரி மூன்றாம் டிவிஷன் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஸ்காலர்ஷிப் தரக் கூடாத பிரிவு), விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தர முடியாது, கட்டணத்தைக் கேட்டதுமே பிட்ச்சர்கள் (பந்து எறிபவர்கள்) ஓடிவிடுகிறார்கள் என்று இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, கட்டணப் பேச்சை முதலிலேயே எடுக்கச் சொன்ன யோசனைதான். உதவித்தொகை போக எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று காட்டும், கல்லூரித் தளத்தில் இருக்கும் கட்டணக் கணிப்பானில் அவர்களே வருமானம், மதிப்பெண் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு வரட்டும் என்று விட்டோம், ஏனென்றால் உதவித்தொகை விஷயத்தில் கோச் தலையிடக் கூடாது, எல்லா மாணவருக்கும் உள்ள அதே கணக்குதான். ஒன்பது பேரில் நாலு பேர் சேர்ந்தார்கள், இரண்டு பேர் பிட்ச்சர்கள்.

எதிர்பாராதது: இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து ஒரு கேட்ச்சர் (பிட்ச்சர் எறியும் பந்தைப் பிடிப்பவன்) தானாகவே வந்தான். அப்புறம்தான் தலைவலி, அவன் முடித்த பாடங்களில் பாதியைத்தான் இங்கே ஏற்றார்கள். மாற்றலாகி வருபவர்களிடம் அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.