வெயில் காலத்தில் டொரொன்டேஸ் வெள்ளை ஒயின்

கேள்வி:
அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்திலுள்ள கஃபயாதேயில் டொரொன்டேஸ் ஒயினை அண்மையில் சுவைத்தேன். மல்லிகையும் பீச் பழமும் கலந்த அதன் மணம் இனிப்பை எதிர்பார்க்க வைத்தாலும், நாக்கில் துளியும் இனிப்பில்லை. இது எதனால்? வெயிலில் எப்படிப் பரிமாறுவது?

பதில் 1:
இந்த ஒயினுக்கான டொரொன்டேஸ் ரியோஹானோ, அலெக்சாண்ட்ரியா மஸ்கட், கிரியோயா சிகா என்ற இரு திராட்சை வகைகள் இணைந்து பிறந்த திராட்சை என்பதால் மஸ்கட்டின் பூமணம் அதற்கு வழிவழியாக வந்தது. சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாக மாறிய பின்னும் அம்மணம் தங்கிவிடுகிறது. ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலுள்ள கஃபயாதேயின் இரவுக் குளிர் திராட்சையின் புளிப்பைக் காக்கிறது.

பதில் 2:
8 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும். கோப்பையில் ஐஸ் போடாமல், ஐஸும் தண்ணீரும் நிறைந்த வாளியில் புட்டியை நிறுத்திவையுங்கள்.

பதில் 3:
சேமித்து வைக்காமல் இளமையிலேயே அருந்துங்கள். அவ்வூர் எம்பனாடாவுடன் (உள்ளே பூரணம் வைத்த மாவுப் பண்டம்) மிக நன்றாகச் சேரும் என்பது என் கருத்து.