‘சிறுவயது இன்னல்’: ஒரு சொல்லாக்கப் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் 18 வயதுக்குள் பட்ட கொடுமைகளையும் துன்பங்களையும் ஆங்கிலத்தில் ‘அட்வர்ஸ் சைல்ட்ஹுட் எக்ஸ்பீரியன்ஸஸ்’, சுருக்கமாக ‘ஏஸ்’, என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே நம் உரையாடலில் முன்வைத்த ‘பாதகமான குழந்தைப் பருவ அனுபவங்கள்’ எனக்கு உடன்பாடில்லை. பாதகம் கொடும்பாவத்தையும் குறிக்கும். பாதகன் என்று ஆளைத்தான் ஏசுகிறோம். பிள்ளைக்கு நேர்ந்ததைச் சொல்லும் சொல்லில் பிள்ளைமீதே பழி ஒட்டக் கூடாது.

‘இடர்’ நல்ல சொல்தான். ஆனால் ‘ரிஸ்க்’குக்கு அது புழங்குகிறது, இத்துறையில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். ‘இடுக்கண்’ என்றதும் நகச் சொன்ன குறள் நினைவுக்கு வந்துவிடும். அடிபடும் ஆறு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா? ‘வன்கொடுமை’ போதாது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் பெரியவர்களிடம் அவர்களது சிறுவயதைப் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வு என்னென்ன கேட்டது என்று பாருங்கள்: உடல், மன, பாலியல் கொடுமைகளோடு, தாய் அடிபட்டது, வீட்டில் ஒருவர் குடியிலோ போதையிலோ கிடந்தது, மனநோயில் வாடியது, சிறை சென்றது. 1998இல் வெளியான முதல் கட்டுரையில் மொத்தம் 7 வகைகள். பிறகு 10 ஆயின. பிள்ளையின் மேல் கைபடாமலே நடப்பவை இவற்றில் பல.

ஆகவே ‘சிறுவயது இன்னல்’ என்கிறேன். 18 வயது வரை நடந்தவை கணக்கில் வருவதால் ‘குழந்தைப் பருவம்’ குறுகிப்போகிறது. ‘சின்ன வயசுல பட்டது’ என்றுதான் மக்களும் சொல்கிறார்கள்.

ஒருவர் பட்ட இன்னல் வகைகளைக் கூட்டிச் சொல்லும் ‘ஏஸ் ஸ்கோர்’ என்பதை ‘மதிப்பெண்’ ஆக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். அது தேர்வு முடிவு அல்ல. எத்தனை முறை அடித்தார்கள் என்பதும் அதில் இல்லை; எத்தனை வகை இன்னல்கள் என்பது மட்டுமே. ‘இன்னல்வகை எண்ணிக்கை’ நீளமானாலும் பிழையில்லாதது. 1998 கட்டுரைக்கான ஆய்வில் பதில் சொன்ன 9,508 பேரில், 4 அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சொன்னவர்கள் தம்மைக் குடிநோயாளி என்று கருதும் வாய்ப்பு, எதையும் சொல்லாதவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு; ஊசிவழிப் போதைக்கு 10 மடங்கு. பெரும்பாலும் படித்த, நடுத்தர வர்க்கத்து மக்கள் அவர்கள். வறுமைதான் காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம் இது பெருந்திரளுக்கான கணக்கு. தனியொருவருக்கு என்ன நேரும் என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லக் கூடாது என்று 2020இல் ஆண்டாவே எச்சரித்தார். ‘மதிப்பெண்’ என்று எழுதினால் பள்ளிக்கூடத்தில் யாராவது பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுவார்கள் என்பது என் அச்சம்.

மது, போதைப்பொருள், மாத்திரை ஆகியவற்றைத் தீங்கு வரும்படி பயன்படுத்துவதைக் குறிக்கும் ‘சப்ஸ்டன்ஸ் மிஸ்யூஸ்’ என்பதற்கு எந்தச் சொல் என்பது இன்னும் தீரவில்லை. ‘துஷ்பிரயோகம்’ வேண்டாம்; குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்துக்கும் அதையே எழுதுகிறோம், ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் குழம்பும். ‘போதைக்கு அடிமை’ ஆளையே இழிவாக்குகிறது. ‘குடிநோய்’ என்ற சொல் வந்த பிறகு குடும்பங்கள் பேசும் விதம் மாறியிருக்கிறது, அந்த வழியில் ‘போதைநோய்’ சரி. ஆனால் அது நோய் முற்றிய நிலை. அதற்கு முந்தைய நிலைக்கு ‘தீங்கான போதைப் பயன்பாடு’ என்று வைத்திருக்கிறேன். மதுவும் மாத்திரையும் இதில் அடங்கும் என்று படிப்பவருக்குத் தோன்றுமா? மறுவாழ்வு மையங்களில் பணிபுரியும் நண்பர்கள், அங்கே நோயாளிகளிடம் என்ன சொல்லிப் பேசுகிறீர்கள் என்று எழுதுங்கள்.