செவலைக்குப் பிறகு

குழு: கம்பம் வீட்டுச் சொந்தங்கள்
சனிக்கிழமை

திருப்பூர் அண்ணன் (மாலை 6.10)
அனைவருக்கும் வணக்கம். நம் வீட்டு நாய் செவலை இறந்து போனதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அப்பா சொன்னார். இன்று காலையும் கை பழக்கத்தில் தயிர்ச்சோற்றைப் பிசைந்து அதன் அலுமினியத் தட்டில் வைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து காக்கைக்கு எடுத்துப் போட்டார்களாம். கோம்பையில் எனக்குத் தெரிந்தவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது. நல்ல செவலை நிறம், கறுத்த முகம். நம்முடையதே திரும்பி வந்தது போல இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது ஒரு குட்டியைத் தூக்கி வரலாமா? அம்மா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால்தான் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படையாகக் கேட்கிறேன்.

குமுளி அத்தை (மாலை 6.32)
நல்ல யோசனைதானப்பா. மதினி தனியாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் எந்தக் குட்டியைக் கொண்டு வந்தாலும் ஊசி விஷயத்தில் அலட்சியம் கூடாது. எங்கள் கேரளத்துப் பக்கம் வீட்டு நாய்க்குப் பஞ்சாயத்தில் உரிமம் எடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றைக் காட்டினால்தான் உரிமம் தருவார்கள். 2022இல் நாய்க்கடிச் சாவுகள் அடுத்தடுத்து வந்தபோது ஊர் ஊராக முகாம் வைத்து ஊசி போட்டார்கள்.

கோம்பை மாமா (இரவு 7.15)
மாப்பிள்ளை, உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அக்காவுக்குத் தம்பி என்ற முறையிலும், இந்தக் குட்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் கோம்பைக்காரன், எங்கள் ஊர் நாயை நானே குறைத்துப் பேச மாட்டேன். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம் அது. முதல் ஒன்றரை ஆண்டுக்கு அதற்குத் தினமும் ஓட்டம் வேண்டும், கையில் கட்டுப்பாடு வேண்டும், புதிய ஆட்களைப் பார்த்துப் பழக வேண்டும். முழங்கால் வலியோடு படியிறங்கவே யோசிக்கிற அக்காவின் கையில் அந்தக் கயிற்றைக் கொடுத்தால், முதல் இழுப்பிலேயே விழுந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆடி மாதம் உங்கள் தெருவில் குட்டிகள் வரிசையாக இறந்தன அல்லவா? வாந்தி, நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் சாவு. அதெல்லாம் பார்வோ வைரஸின் அடையாளம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாம் வழக்கமாகத் தெளிக்கிற பினாயிலுக்கு அது சாவதில்லை, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை ஊசி போட்டு முடிக்காத குட்டியை அந்தத் தெருவில் இறக்கினால், செவலைக்கு அழுத கண்ணீர் காய்வதற்குள் அக்காவை இன்னொரு முறை அழவைப்போம்.

திருப்பூர் அண்ணன் (இரவு 7.21)
பார்வோவைப் பற்றி எனக்குத் தெரியாது மாமா. ஆனால் அம்மாவை இப்படியே விட்டுவிட முடியுமா?

கம்பம் பெரியப்பா (இரவு 8.04)
எல்லோரும் உங்கள் அம்மாவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கும் இந்த வீடு வெறிச்சோடித்தான் கிடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி நாட்களில் அது தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்துப் படுத்திருந்தது. வாயெல்லாம் புண், மூச்சில் ஒரு மூத்திர வாடை. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை எடுத்துக் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈரத் துணியால் அதன் ஈறுகளைத் துடைத்துக்கொண்டு விடிய விடிய உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள். சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் இறங்கவே இல்லை, சலைன் ஏற்றியும் பலனில்லை, இனி அது படுவது வேதனை மட்டும்தான் என்று மருத்துவர் எடுத்துச் சொன்ன பிறகு, நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஊசிக்குச் சம்மதித்தோம். முதலில் மயக்க மருந்தைப் போட்டு, அது நன்றாகத் தூங்கிய பிறகுதான் அடுத்த ஊசியைப் போட்டார்கள். அதன் தலை அவள் மடியில் இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்த ஒருவர், பெற்ற பிள்ளையையா பறிகொடுத்தீர்கள், ஒரு நாய்க்குப் போய் உலை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் பதிந்து வைக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையை மீட்கப் போய் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. அந்தக் கல்லில் வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், திருடர் இருவரைக் கடித்து அது காத்து நின்றதையும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் இறந்த சேவலுக்கே ஒரு நடுகல் உண்டு. வளர்த்த உயிருக்காகக் கல் நட்டுப் பெயர் பொறித்த மண்ணில் பிறந்துவிட்டு, ஒரு வாரம் அழுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கம்பம் பெரியம்மா (இரவு 8.40)
நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மகன் திருப்பூரிலிருந்து எனக்காக யோசித்தது சந்தோஷம். ஆனால் அந்தக் குட்டி வேண்டாம் அய்யா. செவலையின் நிறத்திலும் முகத்திலும் இன்னொன்று வந்து நின்றால், அது எது செய்தாலும் அவன் இப்படிச் செய்ய மாட்டானே என்றுதான் எனக்குத் தோன்றும். அது ஒன்றும் அறியாத அந்தக் குட்டிக்குச் செய்கிற அநியாயம். இன்னொரு கணக்கையும் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். குட்டி நன்றாக இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு இருக்கும். எனக்கு இப்போதே எழுபது நெருங்குகிறது. எனக்குப் பிறகு அதை வைத்துக்கொள்வேன் என்று உங்களில் யாராவது வாக்குக் கொடுக்க முடியுமா? சோறு வைத்தவளைத் தேடி அது வாசலில் கிடப்பதை நினைத்தால், இப்போது நான் படுகிற துக்கமே தேவலை.

என்னை அரிப்பது வேறு ஒன்று. அவன் அதிகமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய அன்றே கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பானோ? தம்பி, நீ இத்தனை மாடு, நாயைப் பார்த்தவன். உண்மையைச் சொல்.

கோம்பை மாமா (இரவு 8.58)
அக்கா, ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சிறுநீரகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேலை செய்யாமல் போன பிறகுதான் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியே காட்டும். நீங்கள் பார்த்த அன்று அந்த முக்கால் பங்கு போய் முடிந்திருந்தது. ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் சலைனும் உணவு மாற்றமும் கொஞ்ச நாளை நீட்டித்திருக்கும். கெட்டுப்போன பகுதி திரும்ப வளர்ந்திருக்காது. வயதான நாய்களில் நான் அதிகம் பார்த்த சாவு இதுதான். நீங்கள் கவனித்த அளவுக்கு யாரும் கவனித்திருக்க முடியாது. அந்த ஊசிக்குச் சம்மதித்ததும் கவனிப்பில் சேர்ந்ததுதான்.

கம்பம் பெரியம்மா (இரவு 9.02)
சரி தம்பி.

வண்டன்மேடு சித்தி (இரவு 10.17)
அக்கா, மாலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் இருக்கிற நிலையில் கேட்கக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்களே ஆயுள் கணக்கைச் சொன்ன பிறகு கேட்கத் துணிகிறேன்.

வருகிற தை மாதம் எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மாடி, நாய் வைத்துக்கொள்ளக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. டைகரை என்ன செய்வது என்று யாரிடமும் சொல்லாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. ஓடி விளையாடும் வயதெல்லாம் போய், வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் படுக்கிறவன். மழைக்கால இரவொன்றில் சிறுத்தை வந்து எங்கள் இன்னொரு நாய் ராணியைத் தூக்கிக்கொண்டு போனதே, அப்போது குறுக்கே பாய்ந்து பாதி இடது காதைக் கொடுத்தவன் இவன்தான். அன்றிலிருந்து இருட்டியதும் தானாக உள்ளே வந்து, சமையலறைக் கதவோரம் சாக்கில் படுத்துவிடுவான். நான் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவான். ஏலக்காய் பறிக்க வருகிற பெண்கள் யாரையும் ஒரு நாளும் குரைத்து மிரட்டியதில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாம் என்று இவர் சொல்கிறார். இரவில் அவனை யார் உள்ளே விடுவார்கள் அக்கா? ஜீப் ஏறும் நாளில் அவன் வண்டிக்குப் பின்னால் ஓடி வருவான் என்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் துக்கத்தை மறைப்பதற்காக அவனைத் தரவில்லை. அவனுக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். முடியாது என்றாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

கம்பம் பெரியம்மா (காலை 5.48)
இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே தங்கச்சி. இரவெல்லாம் நானும் உங்கள் மச்சானும் பேசினோம். தைப் பொங்கல் வரை நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள் என்பதால், அதற்கு முன்பே அவனைக் கொண்டு வந்து விடு. இந்த வீடு அவனுக்கு ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போக ஒரு இடம் இருக்க வேண்டும். அவன் பெயர் டைகர்தான். யாரும் வாய் தவறிக்கூட மாற்றிக் கூப்பிடக்கூடாது. அவன் சாப்பிட்ட தட்டையும் படுத்த சாக்கையும் துவைக்காமல் கழுவாமல் அப்படியே கொண்டு வா. செவலையின் தட்டை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

வண்டன்மேடு சித்தி (காலை 6.05)
அக்கா, இதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். தீபாவளி முடியட்டும். எங்கள் மலைப்பக்கம் தீபாவளிக்கு வெடிச்சத்தம் அதிகம் இருக்காது. இங்கே விஷுவுக்குத்தான் வெடிப்பார்கள். கம்பத்தில் அந்த இரண்டு நாளும் தெரு அதிரும். புது வீடும் வெடிச்சத்தமும் ஒரே நேரத்தில் வந்தால் அவன் வெளியே ஓடிவிடுவான்.

கோம்பை மாமா (காலை 7.30)
சின்ன அக்கா சொல்வதுதான் சரி. அதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மிருக ஆஸ்பத்திரியில் வெறிநோய் ஊசி எப்போது போட்டார்கள் என்று அட்டையைப் பாருங்கள். ஓர் ஆண்டு முடியப் போகிறது என்றால் இப்போதே போட்டுவிடுங்கள். மலைக்காட்டில் திரிந்த நாய் என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் அவசியம். காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஈறு வெளிறினாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ தள்ளிப் போடக்கூடாது. அந்தக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மருந்து எழுதிக் கொடுத்தால் நாலு வாரமும் முழுசாகக் கொடுக்க வேண்டும். நாய் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

மச்சான், உங்கள் கொல்லையில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. நம் பள்ளத்தாக்குப் பழத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் நாய்க்குத் திராட்சை விஷம். சிறுநீரகத்தைத்தான் அது தாக்கும், எத்தனை பழம் தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. செவலை பழத்தை முகர்ந்துகூடப் பார்க்காது என்பது எனக்குத் தெரியும். டைகர் எப்படி என்று தெரியாது. உதிர்ந்ததைக் காலையும் மாலையும் கூட்டி அள்ளுங்கள், அல்லது பந்தலைச் சுற்றி ஒரு வலையைக் கட்டிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அவன் பல்லோ நகமோ பட்டு இரத்தம் கசிந்தால், ஊசி போட்ட நாய்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கம்பம் பெரியப்பா (காலை 7.52)
வலை இன்றைக்கே வாங்குகிறேன். வாசல் கேட்டின் அடிக்கம்பி ஒன்று விலகியிருக்கிறது, அதையும் வெல்டிங் வைத்துவிடுகிறேன்.

குமுளி அத்தை (காலை 8.10)
மதினி, டைகர் வருகிற அன்று நானும் வந்து இரண்டு நாள் தங்குகிறேன். புது இடத்தில் ஒரு வேளை இரண்டு வேளை அவன் சாப்பிடாவிட்டாலும் நீங்கள் கலங்கக்கூடாது.

திருப்பூர் அண்ணன் (காலை 8.26)
அம்மா, நீங்கள் கேட்ட அந்த வாக்கை நான் தருகிறேன். உங்களுக்கு முடியாமல் போகிற நாளில் டைகர் திருப்பூருக்கு வருவான். இங்கே தரைத்தளத்தில் முற்றம் இருக்கிறது. உங்கள் மருமகளிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். கோம்பைக் குட்டியை இங்கே தோட்டம் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் கேட்கிறார். எட்டு வாரம் தாயோடு இருந்து முதல் ஊசி போட்ட பிறகே எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வண்டன்மேடு சித்தி (காலை 8.41)
தீபாவளி கழிந்த மறு ஞாயிறு, கம்பம்மெட்டு வழியாக நாங்களே ஜீப்பில் கொண்டு வருகிறோம். ஊசி அட்டையும் உரிமமும் என் கைப்பையில் இருக்கும். நான் இரண்டு இரவு அங்கேயே தங்கி, மூன்றாம் நாள் அவன் கண் முன்னாலேயே சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்; அவன் தூங்கும்போது எழுந்து போகச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தாதீர்கள்.